இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை

அந்த மூட்டை மேல் உட்காராதீர்கள் தம்பி. குச்சிக்கிழங்கு, முறிந்துவிடும். இப்படிப் பலா மரத்து நிழலுக்கு வாருங்கள். முதலில் தண்ணீர் குடியுங்கள். ஏறி வந்த களைப்பு முகத்தில் தெரிகிறது.

டவர் வைக்க வேண்டும், கரியன் பாறைதான் தோதான இடம், ஊர் சம்மதித்தால் இந்த மாதமே வேலை தொடங்கிவிடும். அதைத்தானே சொல்ல வந்திருக்கிறீர்கள்? நேற்றே பாறைவளவிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டது. அவர்களுக்கெல்லாம் சம்மதம். இந்த நெல்லிவளவிலும் இருபத்திரண்டு வீட்டுக்குச் சம்மதம். இருபத்துமூன்றாவது வீடு என்னுடையது. அதிலும் பாதி சம்மதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், என் வீட்டுக்காரி உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் இந்த ஊரில் பெரியதனம் நான். பெரியதனம் வேண்டாம் என்றால் அந்தப் பாறையில் ஓர் ஆணி இறங்காது. நான் வேண்டாம் என்கிறேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் எனக்குப் பேச வராது தம்பி. நாலு பேர் எதிரில் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். சபையில்கூட, சொல்ல வேண்டியதைச் சடையன் காதில் சொல்வேன், அவன் எழுந்து நின்று ஊருக்குச் சொல்வான். முப்பது வருஷம் அப்படித்தான் நடந்தது. இப்போது அவனோடு பேச்சில்லை. அதனால் நானே சொல்லிப் பார்க்கிறேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சடையன் என் மச்சான். என் வீட்டுக்காரி பாப்பாத்திக்கு அண்ணன். ஓடைக்கு அந்தப் பக்கம், பாறைவளவில் இருக்கிறான். கரியனுக்குப் பூசை செய்கிறவன் அவன்தான். நானும் அவனும் ஒரே வருஷம் பிறந்தவர்கள், ஒன்றாக மாடு மேய்த்தவர்கள். அவன் தங்கையை எனக்குக் கொடுத்த பிறகு உறவு வேறே சேர்ந்தது. அப்படிப்பட்டவன் செய்த காரியத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

உங்களுக்கு முன்னால் பலூன்காரர்கள் வந்தார்கள். போன வருஷம் தை மாதம். நீங்கள் இல்லை, அது வேறு கம்பெனி. நாலு பேர். அவர்களுக்குத் தலைமை ஒரு பெண், ஷைனி என்று பெயர், நாகர்கோவில் பக்கம். அந்தப் பெண் இதே மரத்தடியில் உட்கார்ந்துதான் எனக்கு விளக்கிச் சொன்னது. கம்பியும் வேண்டாம் டவரும் வேண்டாம், ஆகாயத்தில் பலூன் நிற்கும், விமானம் போகிற உயரத்துக்கும் மேலே, அந்த உயரம் போல இரண்டு பங்கு. அங்கே காற்று அடுக்கு அடுக்காக ஓடுகிறதாம். ஒரு அடுக்கு கிழக்கே இழுத்தால் இன்னொரு அடுக்கு மேற்கே இழுக்கும். பலூன் ஏறி இறங்கி, தனக்கு வேண்டிய காற்றைப் பிடித்துக்கொண்டு நம் தலைக்கு மேலேயே சுற்றும். ஒன்று நழுவிப் போனால் பின்னாலேயே இன்னொன்று வந்து அந்த இடத்தில் நிற்கும். அதிலிருந்து நெட் இறங்கும். நம் மலைக்கு ஒரு பெட்டியும் தட்டும் மட்டும் வைக்க வேண்டும்.

"எங்க வைக்கணும்?" என்று கேட்டேன்.

"அந்தப் பெரிய பாறை உச்சியில ஐயா. நாலு போல்ட்டு அடிச்சா போதும்."

அங்கேதான் சிக்கல். கரியன் பாறையில் இரும்பு படக் கூடாது. கத்தியைக்கூடப் பாறையடியிலேயே வைத்துவிட்டுத்தான் ஏறுவோம். படையல் தேங்காயைக் கல்லில் உடைப்போம். சொன்னேன். அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. "அப்ப யார்கிட்ட கேக்கணும் ஐயா?" என்றது. கரியனிடம்தான் கேட்க வேண்டும் என்றேன். "சரி, கேட்டுச் சொல்லுங்க" என்று அடிவாரத்துக்குப் போய்க் காத்திருந்தது. நல்ல பெண். இன்னொன்றும் ஒளிக்காமல் சொன்னது. இது சோதனைதான், ஆடிக் காற்றுக்கு முன்னால் மேலே காற்று மாறிவிடும், அதற்குப் பிறகு இருக்குமா என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றது. ஒரு பருவம் கிடைத்தாலும் போதும் என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை.

எனக்கு எதற்கு அது என்று கேட்பீர்கள். எனக்கு ஒரு பிள்ளை. தீர்த்தகிரி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். போய் ஆறு வருஷம் ஆகிறது. முதல் இரண்டு வருஷம் மாசித் திருவிழாவுக்கு வந்தான். மூன்றாம் வருஷம் ஒரு சின்னப் பேச்சு. அது இந்தக் கதைக்குச் சம்பந்தமில்லை. ஆனாலும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உள்ளேயிருந்து அவள் சொல்வாள். கூட வேலை செய்கிற, மலைக்குக் கீழே கீழ்நாட்டுப் பெண் ஒன்றைக் கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டான். எங்களில் அது கிடையாது தம்பி. கீழ்நாட்டில் பெண் எடுத்தவன் ஊர்ப் பந்தியில் உட்கார முடியாது. பாறையில் கால் வைக்க முடியாது. செத்தால் ஊர் தோள் கொடுக்காது. அது நான் போட்ட கட்டு இல்லை, எனக்கு முன்னாலேயே இருந்தது. பெரியதனம் வீட்டிலிருந்தே கேள்வி வந்தால் நான் சபைக்குப் பதில் சொல்ல வேண்டாமா? சபையைக் கூட்டினேன். "கட்டு என் பிள்ளைக்கும் உண்டு" என்று சடையனைச் சொல்ல வைத்தேன். அவன் எச்சில் விழுங்கி விழுங்கிச் சொன்னான். தீர்த்தன் சரி என்று தலையை ஆட்டினான். மறுநாள் முதல் பஸ்ஸுக்கே போய்விட்டான். அவ்வளவுதான். முடிந்துபோன பேச்சு.

அதற்கு அப்புறம் அவனுக்கு வேலை அதிகம், வர முடியவில்லை. நான் சந்தைக்கு இறங்குகிற நாளில் அடிவாரத்துக் கடையிலிருந்து பேசுவேன். சில நாள் எடுப்பான், சில நாள் மிஷின் சத்தத்தில் கேட்டிருக்காது. எடுத்தால் ஒவ்வொரு தடவையும் அவன் சொல்வது இதுதான்: "நம்ம ஊர்ல சிக்னல் இல்லப்பா, நான் என்ன பண்றது? சிக்னல் மட்டும் இருந்தா தெனமும் கூப்பிட மாட்டேனா?"

தினமும் என்றான். வாரம் ஒருமுறை என்றோ, முடிந்தபோது என்றோ சொல்லவில்லை.

இப்போது புரிகிறதா? பலூன் வந்தால் பிள்ளை பேசுவான். ஆனால் பெரியதனம் தன் வீட்டுக் காரியத்துக்காகச் சாமியை நெருக்கினான் என்று பேச்சு வரக் கூடாது. அதனால் ஆசையை வெளியில் காட்டவில்லை. ஒருவருக்கும் காட்டவில்லை. பூ கேட்பதற்கு முதல் நாள் ராத்திரி சடையன் வீட்டில் நான் சாப்பிடாமல் கைகழுவினேன் என்றும், "பூ சிவப்பா வந்துட்டா என்ன மச்சான் பண்றது" என்று இரண்டு தடவை கேட்டேன் என்றும் அவன் சொல்லிக்கொண்டு திரிகிறான். ஒரு தடவைதான் கேட்டேன்.

கரியனிடம் பூ கேட்பது எப்படியென்று சொல்கிறேன். வெள்ளை அரளி ஒரு பூ, சிவப்பு அரளி ஒரு பூ. தனித்தனியாகத் தேக்கிலையில் மடித்து நாரால் கட்டிப் பொட்டலமாக்க வேண்டும். அதைப் பூசாரி மட்டும்தான் செய்வான், துணி மறைவில். இரண்டையும் கரியன் காலடியில் போட்டுவிட்டுக் கும்பிட வேண்டும். விவரம் தெரியாத குழந்தை ஒன்று போய் ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் சாமியைச் சந்தேகப்பட்டதாகும். அதை அப்படியே ஓடையில் விட்டுவிட வேண்டும். எங்கள் கல்யாணம், விதைப்பு, வழக்கு எல்லாம் இதில்தான். பாப்பாத்தி எனக்கு வந்ததே பூ கேட்டுத்தான்.

அன்றைக்குக் குழந்தை எடுத்த பொட்டலத்தைப் பிரித்தார்கள். வெள்ளை.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது சடையன் மற்றப் பொட்டலத்தைக் கையில் பொத்திக்கொண்டு ஓடைக்கு இறங்கிக்கொண்டிருந்தான். வழக்கமாகப் பூசை முடித்து, எல்லோருக்கும் திருநீறு கொடுத்து, நின்று பேசி, அப்புறம்தான் போவான். அன்றைக்கு நேராகப் போனான். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் நினைக்கவில்லை. மச்சானை எதற்குச் சந்தேகப்பட வேண்டும்?

பெட்டி ஏறியது. போல்ட்டு இறங்கும்போது எனக்கு நெஞ்சில் இறங்குகிற மாதிரி இருந்தது. அன்று சாயங்காலம் எல்லோரும் களத்தில் நின்று அண்ணாந்து பார்த்தோம். மலையில் இருட்டிவிட்டது, அங்கே மேலே மட்டும் ஒரு புள்ளி, நெருப்புக் கங்கு மாதிரி. நமக்கு மறைந்த சூரியன் அதற்கு இன்னும் மறையவில்லை என்று ஷைனி சொன்னது.

"மாப்ளே, அதுல கேமரா இருக்காம். நீ ஓடையில குளிக்கறது அப்படியே தெரியுமாம்" என்றான் சடையன்.

"நான் குளிக்கறதை யாரு பாக்கப் போறா?"

"அதான் அந்தப் பொண்ணு கவலைப்படுது. பலூன் பயந்து வேற ஊருக்குப் போயிடுமோன்னு."

கேமரா எல்லாம் இல்லை. அவன் பேச்சு அப்படித்தான். நான் சிரித்தேன் தம்பி, இப்போது அதை நினைத்தால் கசக்கிறது.

போன் வாங்கினேன். பெரிய போன், முகம் தெரிகிற போன். ஷைனிதான் எல்லாம் போட்டுக் கொடுத்தது. முதல் நாள் தீர்த்தன் முகம் அதில் வந்தது. தாடி வைத்திருந்தான். பாப்பாத்தி போனைத் தடவித் தடவி, படம் கோணலாகி, அவன் "கைய எடும்மா" என்று சிரித்தான். முதல் வாரம் ஐந்து நாள் பேசினான். ஐந்து நாளும் நான் கேட்க வேண்டியதை விடாமல் கேட்டேன். எப்போது வருகிறாய்? நம் மலையிலேயே கீழ்வளவில் மாதனின் மகளைப் பார்த்து வைத்திருக்கிறேன், பன்னிரண்டாவது முடித்த பெண், சாமை குத்தினால் ஒரு நொய்யில்லாமல் குத்தும், என்ன சொல்கிறாய்? ஒவ்வொரு நாளும் அவன், "பாக்கலாம்பா" என்றான். பிள்ளைக்கு ஒன்றை ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் மறந்துவிடுவான்.

இரண்டாம் வாரம் இரண்டு நாள். அதில் ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒரு பெண் குரல், "யாருங்க?" என்றது. தீர்த்தன் சட்டென்று போனைத் திருப்பினான், மேல்கூரையும் மின்விசிறியும் தெரிந்தன. "யாருமில்ல" என்றான். அப்புறம் லைன் போய்விட்டது.

மெஸ் நடத்துகிற அம்மாவாக இருக்கும் என்று பாப்பாத்தியிடம் சொன்னேன்.

"மெஸ்காரி புருசன்காரனைக் கேக்கற மாதிரி கேப்பாளா?" என்றாள்.

கொங்குப் பக்கம் எல்லோரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார்கள், உனக்கு ஊர் தெரியாது என்றேன். குழந்தை ஒன்று அழுத சத்தமும் கேட்டது என்றாள். டிவியாக இருக்கும். திருப்பூரில் வீட்டுக்கு வீடு டிவி ஓடிக்கொண்டே இருக்கிறது. அவளுக்கு எதையும் ஒன்றுக்கு இரண்டாகப் பார்க்கிற புத்தி.

பாத்திரம் உருளுகிறதே, கேட்கிறதா? அது பாத்திரம் இல்லை தம்பி, அவள்தான். போகட்டும்.

பங்குனியில் கூப்பிடுவது நின்றது. நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை. அதனால் பேசிப் பேசி அனுப்பினேன், அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டு பேச வேண்டும். ஷைனி சொல்லிக் கொடுத்திருந்தது, ஒரு கோடு விழுந்தால் நம்மிடமிருந்து போய்விட்டது, இரண்டு கோடு விழுந்தால் அவனிடம் சேர்ந்துவிட்டது, இரண்டும் நீலமானால் அவன் கேட்டுவிட்டான் என்று. கோடு இல்லை, டிக் என்று சொல்ல வேண்டுமாம். எனக்கு நீலம் விழுந்துகொண்டே இருந்தது. ஒன்றுக்கும் பதில் வரவில்லை. கடைசியாக ஒன்று நீளமாகப் பேசி அனுப்பினேன். நன்றாக யோசித்துப் பேசினேன், அதட்டவில்லை. "நீ கட்டை மீற மாட்டாய் என்று சபைக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். மாதனிடம் நாள் குறிக்கச் சொல்லிவிட்டேன். சித்திரை கழியுமுன் வந்து தாலி கட்டிவிட்டுப் போ. வராவிட்டால் எனக்குப் பிள்ளை இல்லை என்று ஊரில் சொல்லிவிடுவேன், அப்புறம் வருத்தப்படாதே." ஒரு தகப்பன் பேசுகிற பேச்சுதான்.

இரண்டு டிக்கும் நீலமாயின. அதற்குப் பிறகு நான் அனுப்பியதெல்லாம் ஒரே டிக்கில் நின்றுவிட்டது. மூலையில் அவன் படம் ஒன்று இருக்கும், தாடியோடு. அதுவும் போய்விட்டது.

போனை எடுத்துக்கொண்டு அடிவாரத்துக்குப் போய் ஷைனியிடம் காட்டினேன். அந்தப் பெண் பார்த்தது. மேலே தள்ளிப் பார்த்தது. கடைசியாக நான் பேசி அனுப்பியதைக் காதில் வைத்துக் கேட்டது. போனைத் திருப்பி என் கையில் கொடுத்தது.

"என்னம்மா கோளாறு?"

"அது வந்து ஐயா… அவரு போன் ஆஃப்ல இருக்கலாம்."

"படம் எங்க போச்சு?"

"மேல காத்து சரியில்ல ஐயா. நெட்டு விட்டு விட்டு வருது."

நான் சொன்னேனே, நல்ல பெண் என்று. தன் பலூன் மேல் இருக்கிற குறையைத் தானே ஒத்துக்கொண்டது.

காற்று என்றால் கரியன் கையில்தான் இருக்கிறது. அன்று சாயங்காலமே ஓடையைத் தாண்டிச் சடையன் வீட்டுக்குப் போனேன். அவன் புகையிலை கசக்கிக்கொண்டிருந்தான். மறுபடி பூ கேட்க வேண்டும், பிள்ளை எப்போது பேசுவான் என்று கேட்க வேண்டும், நாளைக்கே வை என்றேன்.

"இதுக்கெல்லாம் பூ கேப்பாங்களா மாப்ளே?"

"ஏன் கேக்கக் கூடாது? அன்னைக்கு சாமி வெள்ளை குடுத்துச்சு இல்ல? குடுத்த சாமிதானே பதில் சொல்லணும்?"

அவன் புகையிலையைக் கீழே போட்டான். ஓடைப் பக்கம் பார்த்தான்.

"சாமி குடுக்கலடா" என்றான். "நான் குடுத்தேன்."

எனக்கு விளங்கவில்லை.

"ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதான் வச்சேன். நீ மூணு வருசமா பஸ் வர்ற ரோட்டையே பாத்துக்கிட்டு நின்ன. என்னால பாக்க முடியல. பையன் மூஞ்சிய ஒருக்கா பாத்துட்டா நீயும் எறங்கி வருவ, அவனும் மனசு விட்டுச் சொல்லுவான்னு நெனச்சேன். நீ போன்ல பொண்ணு பேசிக்கிட்டு இருந்தா அவன் என்னத்தச் சொல்லுவான்?"

எனக்கு அதில் பாதி காதில் விழவில்லை. இரண்டிலும் வெள்ளை என்பது மட்டும்தான் விழுந்தது. நீங்களே சொல்லுங்கள் தம்பி. கரியனைக் கேட்காமலே கரியன் பாறையில் நாலு போல்ட்டு. சம்மதம் கொடுத்த பெரியதனம் நான். அந்தப் பாவம் யார் வீட்டில் வந்து விழும்? என் வீட்டில் விழுந்தது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை வாயடைத்துப் போனான். இதற்கு வேறு காரணம் என்ன இருக்க முடியும்? எவனோ செய்திருந்தால் பொறுப்பேன். என் காதாகவும் வாயாகவும் இருந்தவன். நான் சாகும்போது என் வாயில் அரிசி போட வேண்டியவன்.

ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்தேன். அன்றோடு சரி.

அவன் விடவில்லை. தினமும் சாயங்காலம் மாட்டைக் கட்டுகிற நேரத்துக்குப் போன் அடிக்கும். அவன்தான். நான் எடுக்க மாட்டேன், அடித்து ஓயும். மறுநாள் அடிக்கும். ஒரு நாள் தவறியதில்லை. மழை கொட்டிய அன்றுகூட, ஓடையில் தண்ணீர் போகிற சத்தத்துக்கு நடுவே அடித்தது. என்ன தைரியம் பாருங்கள். பாப்பாத்தி எடுத்துத் தன் அண்ணனோடு சிரித்துச் சிரித்துப் பேசுவாள். ஒரு நாள் சிரிக்காமல், "பேரு என்ன வச்சிருக்கான்? நல்லாப் பால் குடிக்குதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பாறைவளவில் யாருக்கோ குழந்தை. நான் யாருக்கு என்று கேட்கவில்லை. அந்த வளவோடு எனக்கென்ன?

இதைக் கேளுங்கள், இதுதான் உச்சம். வைகாசி மாதம் நான் ஓடையில் மாடு கழுவிக்கொண்டிருக்கிறேன். சடையன் அக்கரையிலிருந்து போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி வருகிறான். அந்த வயதில், வேட்டி நனைய. "மாப்ளே, பேசு, தீர்த்தன் லைன்ல இருக்கான், ரெண்டே வார்த்த நல்லதா பேசு" என்று என் முகத்துக்கு நேராக நீட்டுகிறான். நான் கையைக்கூட எடுக்கவில்லை. போனிலிருந்து சத்தமாக ஒரு குரல் வந்தது.

"வேண்டாம் மாமா. அவர்கிட்ட குடுக்காதீங்க. பிள்ளை இல்லைன்னு அவரே சொல்லிட்டாரு இல்ல, அப்படியே இருக்கட்டும்."

மாடு தண்ணீரை உதறியது. எங்கள் இரண்டு பேர் மேலும் பட்டது. சடையன் போனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வாய் கோணிப் போயிற்று அவனுக்கு. அழுதான் என்றுகூடச் சொல்லலாம்.

அது தீர்த்தன் குரல் இல்லை தம்பி. எனக்குத் தெரியாதா என் பிள்ளை குரல்? அவன் அப்படிப் பேச மாட்டான். அந்தப் போனில் என்னென்னவோ வித்தை இருக்கிறது, நீங்களே அறிவீர்கள். குரலைச் செய்கிறார்கள், முகத்தையே செய்கிறார்களாமே. சாமியை ஏமாற்றத் துணிந்தவனுக்குக் குரல் செய்வது பெரிய வேலையா? என்னைத் தனியாக்கிவிட்டால் நான் அவனிடம்தான் திரும்பி வந்தாக வேண்டும், அந்தக் கணக்கு. நான் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவன் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டே இருந்தான்.

ஆனியில் மேலே காற்று மாறியது. ஷைனி சொன்னபடியேதான். ஒரு நாள் புள்ளி கிழக்கே நகர்ந்து நகர்ந்து மறைந்தது, பின்னால் வேறொன்று வரவில்லை. கம்பெனி சோதனையை முடித்துக்கொண்டதாம். பெட்டியைக் கழற்றினார்கள். ஊரே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. அந்தப் பெண் என்னிடம் விடைபெற வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒருக்கா திருப்பூருக்கு நேர்ல போய்ட்டு வாங்க ஐயா" என்றது. எதற்கம்மா, அவனுக்கு வேலை கெடும் என்றேன்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அன்றைக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. சாயங்காலப் போனும் நின்றது. கொஞ்ச நாள் மாட்டைக் கட்டியதும் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். அது பழக்க தோஷம்.

பெட்டி போய்விட்டது, நாலு துளை மட்டும் பாறையில் இருக்கிறது. அந்தத் துளை தூர்வதற்குள் இன்னொரு தடவை இரும்பா? கேட்க வேண்டியவனே பொய்ப் பூ வைக்கிறவன். நான் எப்படித் தம்பி சம்மதம் சொல்வேன்? நீங்கள் நியாயம் தெரிந்தவர். இப்போது விளங்கியிருக்கும்.

என்ன சொல்கிறீர்கள்?

பாறையே வேண்டாமா? பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற பொறம்போக்கிலா?

அது கரியன் எல்லையில்லைதான். அங்கே இரும்பு படலாம். பூ கேட்கவும் வேண்டாம். ம். பாறை அளவுக்கு உயரம் இல்லையே, போதுமா? போதும் என்கிறீர்கள். டவரையே உயரமாகக் கட்டிவிடுவீர்கள். சரி.

அது காற்றில் ஆடாதா? பலூன் மாதிரி ஆனி மாதம் போய்விடாதா? போகாது. மழைக்கும் போகாது. வருஷம் முழுக்க, ராத்திரி பகல் நிற்கும் என்கிறீர்கள்.

இந்த வீட்டுக்கு எட்டுமா? உள்ளறை வரைக்குமா?

பொறுங்கள் தம்பி, எழுந்திருக்காதீர்கள். யோசிக்க விடுங்கள். நான் ஊருக்குக் குறுக்கே நிற்கிறவன் இல்லை. பிள்ளைகள் படிக்க வேண்டும், பிரசவ வலி வந்தால் வண்டி கூப்பிட வேண்டும், எல்லாம் எனக்குத் தெரியும். பாறைவளவுக்கும் எட்டட்டும், அவர்கள் அண்ணனும் தங்கையுமாக ஓடைக்கரையில் நின்று நாள் முழுக்கப் பேசிக்கொள்ளட்டும். நான் சம்மதம் சொல்கிறேன். இன்றைக்கே சபையைக் கூட்டி, நானே எழுந்து நின்று சொல்கிறேன்.

நீங்கள் படித்தவர், அளக்கிற கருவியெல்லாம் வைத்திருக்கிறீர்கள். ஒன்று மட்டும் எனக்காகச் செய்ய முடியுமா என்று பாருங்கள். இந்தப் பலா மரத்துக்கு அந்தப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இருபத்திரண்டு வீட்டுக்கும் கொடுங்கள். இந்த ஒரு வீட்டுக்கு வேண்டாம். நாளைக்கு என் பிள்ளை வருவான். வந்து நிற்கும்போது ஏன்டா இத்தனை நாளாகக் கூப்பிடவில்லை என்று நான் கேட்பேன், கேட்காமல் இருக்க மாட்டேன். அப்போது சொல்வதற்கு அவனுக்கு ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் இல்லையா, தம்பி?